தம்பி கட்டிய வீடு

சுந்தரராமன் சான்பிரான்சிஸ்கோவில் விமானத்தை விட்டு இறங்கியபோது அவருக்கு அறுபத்தெட்டு வயது முடிந்திருந்தது. முதுகுக்கு மட்டும் நாற்பதுக்கு மேல் ஏறவில்லை. தம்பி பசுபதி முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால் ஒரு சக்கர நாற்காலி அவருக்காகக் காத்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணிடம், இதற்கு உரியவர் பின்னால் யாராவது வருவார் என்று நல்ல ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கைப்பையைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

அவர் இத்தனை தூரம் வந்தது ஊர் பார்க்க அல்ல. தம்பி வீடு கட்டியிருக்கிறான். சனிக்கிழமை பூஜை. அப்பா இல்லாத குடும்பத்தில் மூத்தவன் போய் நிற்காமல் வேறு யார் நிற்பது? மனைவி விசாலாக்ஷிக்கு முழங்கால் மடங்காது. அவளை மகள் வீட்டில் விட்டுவிட்டு, மாயவரத்தில் தெருவில் இருந்த பதினாறு வீட்டுக்கும் போய்ச் சொல்லிக்கொண்டு கிளம்பியிருந்தார். "பசுபதி அமெரிக்காவில் வீடு கட்டியிருக்கான். கிரகப்பிரவேசத்துக்குப் போறேன்." வாங்கியிருக்கான் என்று யாராவது திருப்பிச் சொன்னால் விடமாட்டார். "வாங்கலை. கட்டியிருக்கான்."

அந்த வித்தியாசம் அவருக்கு உயிர். தாத்தா கட்டினார், அப்பா கட்டினார், அப்பா கட்டியதன் மேல் இவர் மாடி எடுத்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பசுபதி கடிதம் எழுதியிருந்தான். சன்னிவேலில் ஒரு வீடு விலைக்கு வருகிறது, முப்பது வருஷத்துப் பழைய வீடு, அதில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி போய்விட்டாள், பர்வதத்துக்குப் பிடித்திருக்கிறது, அண்ணா என்ன சொல்கிறீர்கள் என்று. சுந்தரராமன் அன்றைக்கே பதில் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். "நம் வம்சத்தில் யாரும் இன்னொருவர் வாழ்ந்து கழித்த வீட்டில் குடிபோனதில்லை. முன்பின் தெரியாதவர் சாப்பிட்டு எழுந்த இலையில் போய் உட்காருவதும் அதுவும் ஒன்றுதான். கட்ட முடிந்தால் கட்டு. முடியாவிட்டால் வாடகைக்கே இரு. அதில் கேவலம் ஒன்றுமில்லை."

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. "அண்ணா, நீங்கள் சொன்னதுதான் சரி. அந்த வீட்டை விட்டுவிட்டேன். மனை பார்த்திருக்கிறேன். கட்டப் போகிறேன்."

அதன் பிறகு மாதம் ஒரு கடிதம். அஸ்திவாரக் குழி வெட்டினார்கள். கான்கிரீட் போட்டார்கள். சுந்தரராமன் பொதுப்பணித் துறையில் முப்பத்துநாலு வருஷம் இருந்து நிர்வாகப் பொறியாளராக ஓய்வு பெற்றவர். சும்மா இருப்பாரா? "கான்கிரீட்டுக்கு இருபத்தெட்டு நாள் தண்ணீர் விடச் சொல். அங்கே உள்ள கான்ட்ராக்டர்களும் மனிதர்கள்தான், பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள்" என்று எழுதினார். "நீங்கள் சொன்னபடியே இருபத்தெட்டு நாளும் விட்டோம்" என்று பதில் வந்தது. ஒருமுறை புகைப்படமும் வந்தது. மரச் சட்டங்கள் வரிசையாக நிற்க, நடுவில் பசுபதி கையில் சுத்தியலோடு, தலையெல்லாம் தூசியாக. அதற்குச் சட்டம் போட்டு மாயவரத்து ஹாலில் அப்பா படத்துக்குக் கீழே மாட்டியிருந்தார்.

வீட்டைப் பார்த்ததும் அவருக்கு முதலில் ஏமாற்றம்தான். மாடி இல்லை. தரையோடு தரையாக நீளமாகப் படுத்துக் கிடந்தது.

"ராஞ்ச் ஸ்டைல்னு சொல்லுவா அண்ணா. இங்க இதான் பிரியம்" என்றான் பசுபதி.

"உயரமே இல்லையேடா. கையைத் தூக்கினா கூரை தட்டும்போல இருக்கு."

"பூகம்ப ஏரியா. ஒத்த மாடிதான் சேஃப்."

அது பொறியாளருக்குப் புரிகிற காரணம். தலையசைத்தார். உள்ளே நுழைந்ததும் மனம் கொஞ்சம் தேறியது. தரையில் மரப் பலகை பளபளத்தது. சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு நிறம். ஹாலும் சமையலறையும் ஒன்றாகத் திறந்து கிடந்தன. நடுவில் மேலே ஒரு பெரிய மர உத்தரம்.

"அடுப்படிக்குச் சுவர் வைக்கலையா? வரவன் போறவன் எல்லாம் வாணலியில என்ன கொதிக்கறதுன்னு பாத்துட்டுப் போவானே."

பசுபதியின் மனைவி பர்வதம் சிரித்தாள். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள், அடக்கமாகப் பேசுவாள், ஆனால் பேசுவாள். "எனக்குத்தான் அண்ணா திறந்து வேணும்னு கேட்டேன். சமைச்சுண்டே தோட்டம் தெரியறது பாருங்கோ. இவர் ரெண்டு வருஷமா சனி ஞாயிறுன்னு பாக்காம இதுக்காக..."

"பர்வதம், அண்ணாவுக்கு மொதல்ல காப்பி" என்று பசுபதி குறுக்கே விழுந்தான்.

கொல்லையில் ஒரு பெரிய ஆப்ரிகாட் மரம் நின்றது. அடிமரத்தை ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாது. அதன் வேர் ஒன்று நடைபாதைச் சிமெண்டை ஒரு சாண் உயரத்துக்கு நெம்பித் தூக்கியிருந்தது. சுந்தரராமன் அதைக் காலால் தொட்டுப் பார்த்தார்.

"இதெல்லாம் பழத்தோட்டமா இருந்த எடம் அண்ணா. மரத்த வெட்ட மனசு வரல. விட்டுட்டுக் கட்டினோம்."

மரத்தை விட்டுவிட்டுக் கட்டினார்கள், சரி. சிமெண்டு ஒரு வருஷத்திலா இப்படி நெம்பும் என்று ஒரு கேள்வி எழுந்தது. பயணக் களைப்பில் அது அப்படியே படுத்துக்கொண்டது.

புதன்கிழமை காலை பசுபதியும் பர்வதமும் வேலைக்குப் போனபிறகு, சனிக்கிழமைக்குக் கட்டிக்கொள்ள வேண்டிய அங்கவஸ்திரத்துக்கு இஸ்திரி போட உட்கார்ந்தார். தன் துணிக்குத் தானேதான் இஸ்திரி போடுவார். இரண்டு மடிப்பு முடிவதற்குள் பெட்டி ஆறிப்போயிற்று. ரேடியோவும் நின்றுபோயிருந்தது. ஃபியூஸ் என்று தெரிந்தது. ஃபியூஸ் பெட்டி எங்கே என்று தேடிக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போனார்.

வீட்டின் பளபளப்பு கார் ஷெட் வரைக்கும் வந்து எட்டவில்லை. சுவருக்குப் பலகை அடிக்காமல் சட்டங்கள் வெறுமனே தெரிந்தன. மரம் காப்பிக் கஷாய நிறத்தில் கறுத்திருந்தது. தண்ணீர்க் குழாயில் துரு மொட்டு மொட்டாகப் பூத்திருந்தது. ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். கதவின் உள்பக்கத்தில் மஞ்சளேறிய ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. நகராட்சிக் கட்டட ஆய்வு. அஸ்திவாரம், சட்டம், மின்சாரம், குழாய், இறுதி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தேதி, ஒரு கையெழுத்து. கடைசித் தேதி 1955 செப்டம்பர் 14.

சுந்தரராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். யாரோ ஒரு ஆய்வாளர். ஐந்து இடத்திலும் ஒரே மாதிரி, அவசரமில்லாத கையெழுத்து. நேரில் வந்து பார்த்துவிட்டுப் போட்டவன் கையெழுத்து எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த முகம் தெரியாத மனிதன்மேல் அவருக்கு ஒரு கணம் மரியாதை வந்தது. அதன் பின்னால்தான் மற்றது வந்தது.

ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். விட்டுவிட்டேன் என்று எழுதினானே, அதே கிழவியின் வீடு. மாயவரத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்த படம் நினைவுக்கு வந்தது. படத்தில் மரம் கறுத்திருந்ததை அன்றே பார்த்தார். அமெரிக்க மர ஜாதி அப்படி என்று நினைத்துக்கொண்டார். இருபத்தெட்டு நாள் தண்ணீர் விட்டோம் என்று எழுதினானே, எந்தக் கான்கிரீட்டுக்கு? உத்தரத்துக்குக் கனம் எவ்வளவு வேண்டும் என்று இவர் இரவல் புத்தகம் வாங்கிக் கணக்குப் போட்டு எட்டுப் பக்கம் எழுதி அனுப்பினாரே, அதைப் படித்தாவது பார்த்தானா? இருபத்திரண்டு கடிதம். ஒவ்வொன்றும் 'அன்புள்ள அண்ணாவுக்கு அநேக நமஸ்காரம்' என்று ஆரம்பித்தது.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஒரு சம்பவம். வாய்க்கால் கரைக்குக் கல் பதித்த கான்ட்ராக்டர் பெரிய இடத்து ஆள். பதித்தது பாதி. முழுதும் பதித்ததாக அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி மேலிருந்து ஆள் வந்தது. சுந்தரராமன் போடவில்லை. நாலு வருஷம் தண்ணியில்லாக் காட்டில் தூக்கி அடித்தார்கள். விசாலாக்ஷி குடம் சுமந்தாள். அப்போதும் வீட்டில் ஒருவரும் அவரைப் பார்த்து ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் குடும்பத்துப் பையன் இவன்.

ஃபியூஸை மாற்றிவிட்டு வந்து மிச்ச மடிப்புக்கும் இஸ்திரி போட்டு முடித்தார்.

கேட்டுவிடலாம் என்று மாலைவரை நினைத்தார். பசுபதி வந்து காலணியைக் கழற்றும்போது வேண்டாம் என்று தோன்றிவிட்டது. கேட்டால் அவன் இன்னொரு பொய் சொல்வான். அதை நேருக்கு நேர் கேட்டுக்கொண்டு உட்கார முடியாது. அவனாகச் சொல்ல ஒரு வழிமட்டும் திறந்து வைத்தார்.

"பசுபதி, சனிக்கிழமை நாலு பேர் வராளே. அதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?"

பசுபதி ஒரு விநாடி நின்றான். "வாத்தியார் லிவர்மோர் கோயில்லேந்து வரார் அண்ணா. எட்டு மணிக்கு வந்துடுவார். வேற ஒண்ணுமில்லை."

"சரி."

சமையல் மேடைக்குப் பின்னால் நின்ற பர்வதம் கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். பிறகு நறுக்கினாள்.

மூன்று நாள் அவர் மனதுக்குள் ஒரு வழக்கு நடந்தது. முப்பது குடும்பம் வருகிறது. அத்தனை பேரிடமும் இவன் கட்டினேன் என்றுதான் சொல்லியிருப்பான். கூடப்பிறந்தவனிடமே சொன்னவன் ஊராரிடம் வேறு மாதிரியா சொல்லியிருப்பான்? ஒரு ஆள் அந்தச் சீட்டைப் பார்த்தால் போதும். சன்னிவேலில் சிரித்தால் நாலே நாளில் கும்பகோணத்தில் கேட்கும், ஐந்தாம் நாள் மாயவரத்துக்கு வந்துவிடும். அப்பா பெயர் சொல்லி, வைத்தியநாதன் பிள்ளைகள் பொய்யர்கள் என்று ஆகும். பசுபதி செய்தது தப்பு. அதற்கு அவனை இவர் தண்டிக்கலாம். ஊர் தண்டிக்கக் கூடாது. சனிக்கிழமை காலை குளித்துவிட்டு விபூதி பூசிக்கொள்ளும்போது முடிவு செய்துவிட்டார். யாராவது கேட்டால் தாங்கிப் பேசுவது. வாழ்நாளில் முதல் பொய்க் கையெழுத்து. போட்டுவிட்டு அதோடு ஊருக்குப் போய்ச் சேர்வது.

பூஜை நன்றாகத்தான் நடந்தது. ஹோமப் புகை எழுந்ததும் கூரையிலிருந்த அலாரம் அலறியது. பசுபதி பஞ்சகச்சத்தோடு நாற்காலிமேல் ஏறி அதன் பேட்டரியைப் பிடுங்கினான். "அக்னி பகவானுக்கே பர்மிட் கேக்கற ஊர் இது" என்று வாத்தியார் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். பர்வதம் பால் காய்ச்சினாள். வந்த சின்னவர்கள் எல்லாம் சுந்தரராமனை நமஸ்காரம் செய்தார்கள். அவர் நிமிர்ந்து நின்று ஆசீர்வாதம் சொன்னார்.

ஒன்று மட்டும் அவர் கவனித்தார். யாராவது அவர் பக்கத்தில் வந்து வீட்டைப்பற்றி வாயெடுத்தால் பசுபதி எங்கிருந்தாலும் ஓடி வந்தான். "அண்ணா, வாத்தியார் கூப்பிடறார்." "அண்ணா, மன்னிக்கு போன் போட்டுத் தரட்டுமா?" பாவம், பயப்படுகிறான் என்று நினைத்தார். புதன்கிழமை நான் கேட்டதிலேயே ஊகித்திருப்பான், நான் காட்டிக்கொடுத்துவிடுவேன் என்று பயப்படுகிறான். என்னைத் தெரிந்தது இவ்வளவுதானா?

சாப்பாட்டுக்கு வரிசை நின்றபோது அது நடந்தது. அனந்தராமன் என்று ஒருவர். பசுபதியின் ஆபீஸ்காரர், சென்னை மாம்பலத்துப் பேச்சு, சத்தமான ஆள். அவர் மனைவி ஸ்வர்ணாவோடும் நண்பர் சுவாமிநாதனோடும் தட்டை ஏந்திக்கொண்டு உத்தரத்துக்குக் கீழே நின்றவர் சுந்தரராமனைப் பார்த்துவிட்டார். பசுபதி அப்போது கொல்லையில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான்.

"சார், நீங்க பிடபிள்யுடி எஞ்சினியர்னு பசுபதி சொல்லிருக்கார். ஒரு டவுட் சார். இந்த பீம் தாங்குமா? நடுவுல இருந்த சுவரை எடுத்தாச்சே, கூரை வெயிட் எல்லாம் இதுமேலதானே உக்காரும்?"

சுந்தரராமன் நிமிர்ந்து உத்தரத்தைப் பார்த்தார். இந்த ஆள் கண்டுபிடித்துவிட்டான். சுவர் இருந்த தடம் தெரிந்திருக்கிறது. முப்பது குடும்பத்துக்கு நடுவில் வைத்து உடைக்கப் பார்க்கிறான். கொல்லைக் கதவுப்பக்கம் பசுபதி இரண்டு நாற்காலியோடு அப்படியே நிற்பது தெரிந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"எந்தச் சுவரை எடுத்தது? இங்க சுவரே கெடையாது. அஸ்திவாரத்துலேந்து கூரை வரைக்கும் இது என் தம்பி புதுசா கட்டின வீடு. வரைபடம் எனக்கு மாயவரத்துக்கு வந்தது. நான் பாத்துக் கையெழுத்துப் போட்டப்புறம்தான் மண்ணையே வெட்டினான். இந்த உத்தரத்துக்குக் கனம் சொன்னதும் நான்தான். தாங்கும். நூறு வருஷம் தாங்கும்."

பேச்செல்லாம் நின்றது. ஒரு குழந்தை மட்டும் அப்பளத்தை நொறுக்கியது. பிறகு அனந்தராமன் ஓவென்று சிரித்தார்.

"சார் செமையா ஜோக் அடிக்கறார்! சார், அந்தச் சுவரை ஒடச்சதே நாங்கதான். நானும் இந்த சுவாமிநாதனும். போன வருஷம் சம்மர்ல. பெரிய சம்மட்டி வாடகைக்கு எடுத்துண்டு வந்து ஒரே சாட்டர்டேல காலி. எனக்கு ரெண்டு நாள் கையே தூக்க வரல. ஒங்க தம்பி ஆளுக்கு ஒரு பீட்சா குடுத்து அனுப்பிச்சுட்டார்."

"அந்த வால்பேப்பர்!" என்றாள் ஸ்வர்ணா. "பர்வதம், ஞாபகம் இருக்கா? ரோஜாப்பூ வால்பேப்பர். அந்தக் கிழவி நாலு லேயர் ஒட்டிருந்தா. ஸ்டீம் போட்டுச் சொரண்டிச் சொரண்டி என் நகமே போச்சு."

சிரிப்பு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போயிற்று. சுந்தரராமன் சிரிக்கவில்லை என்பதை ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கியது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார். புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. இவர்கள் ஒருவருக்கும் பசுபதி பொய் சொல்லவில்லை. இவர்கள் எல்லாம் பழைய வீடு வாங்கினவர்கள்தான். இவனும் வாங்கினான், கூப்பிட்டுச் சுவரை இடித்தான், சேர்ந்து சுரண்டினார்கள், சாப்பிட்டார்கள். அத்தனையும் பகல் வெளிச்சத்தில். பொய் ஒரே ஒரு ஆளுக்காகத்தான் தயாரானது. அது மாயவரத்துக்குத் தபாலில் போனது.

எல்லோரும் பசுபதியைப் பார்த்தார்கள். பசுபதி நாற்காலிகளைக் கீழே வைத்தான். அண்ணாவை ஒரு முறை பார்த்தான். பிறகு அனந்தராமனிடம் ஆங்கிலத்தில், தாழ்ந்த குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். அண்ணாவுக்கு இப்போதெல்லாம் கொஞ்சம் குழப்பம் வருகிறது. வயதாகிவிட்டது. ஜெட் லேக் வேறு. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆங்கிலத்தில் சொன்னால் அண்ணாவுக்குப் புரியாது என்று நினைத்தானா, அல்லது இவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னால்தான் நம்பத் தோன்றும் என்று நினைத்தானா? முப்பத்துநாலு வருஷம் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதிய மனிதர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

அவர் பெட்டியில் பழைய கடிதங்களில் மூன்று இருந்தன. உத்தரத்தைப்பற்றி நேரில் பேசவேண்டும் என்று கொண்டுவந்தவை. அறை பத்தடி தூரம். எடுத்துவந்து அனந்தராமன் கையில் கொடுத்தால் போதும், தம்பியின் கையெழுத்து அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். குழப்பம் யாருக்கு என்று முப்பது குடும்பத்துக்கும் விளங்கிவிடும். அவர் கால் அந்தப் பக்கம் திரும்பக்கூடச் செய்தது. பர்வதம் கையில் பாயசப் பாத்திரத்தோடு நின்றாள். அவர் போவார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தடுக்கவும் இல்லை, தலைகுனியவும் இல்லை.

சுந்தரராமன் காலைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"ஆமாம்" என்றார். "வயசாச்சு. வேற யாராத்து விஷயத்தையோ இதோட சேத்துட்டேன்."

உடனே எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். யாரோ நாற்காலி இழுத்துப் போட்டார்கள். யாரோ அவர் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அதுவரை சார் என்ற அனந்தராமன் குனிந்து, அவர் காதுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு வார்த்தையாக, "அங்கிள், கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கறேளா?" என்று கத்தினார். ஸ்வர்ணா ஒரு தட்டில் தயிர்சாதத்தை நன்றாகக் குழைய மசித்து எடுத்துவந்து மடியில் வைத்தாள். அவருக்குப் பல் அத்தனையும் இருந்தது. குழைந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

எல்லோரும் போய், பாத்திரங்களைப் பர்வதம் ஒழித்துக்கொண்டிருக்கையில் பசுபதி அறைக்கு வந்தான். வெயில் இன்னும் சாயவில்லை. சுந்தரராமன் அங்கவஸ்திரத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அந்த நேரத்துக்கு வேற வழி தெரியல."

அவர் மடித்தார்.

"நீங்க அப்படிப் பேசுவேள்னு நான் எதிர்பாக்கவே இல்லை. ஒங்களுக்குத் தெரிஞ்சுடுத்துன்னே எனக்குத் தெரியாது. எப்பத் தெரிஞ்சுது?"

"புதன்கிழமை."

"கேட்டிருக்கலாமே அண்ணா!"

"கேட்டேன்."

பசுபதி கட்டிலில் உட்கார்ந்தான். தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டான். விரல் இடுக்கில் வெள்ளைப் பூச்சு இன்னும் போகவில்லை.

"ரெண்டு வருஷம் அண்ணா. ஆபீஸ் விட்டு வந்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும். தரை நான் போட்டது. சுவர்ப் பலகை நான் அடிச்சது. அந்த பீமுக்கு நீங்க எழுதின கணக்கத்தான் வச்சுண்டேன். இங்க சிட்டி ஆபீஸ்ல காட்டினேன், சரியா இருக்குன்னான். இதுக்கு மேல கட்டறதுன்னா என்ன? பாதிக்கு மேல நான் கட்டினதுதான்."

சுந்தரராமன் கை நின்றது. எட்டுப் பக்கத்தையும் படித்திருக்கிறான்.

"இதையே எழுதியிருக்கலாமேடா. வாங்கினேன், பிரிச்சேன், நானே திரும்பக் கட்டினேன்னு."

"எழுதிருந்தா நீங்க வந்திருப்பேளா?"

இல்லை என்று சொல்ல அவருக்கு நேரம் பிடிக்கவில்லை. "மாட்டேன்."

"அதான்."

அந்த ஒரு சொல் நியாயம் என்று அவருக்குத் தெரிந்தது. அதனால் கோபம் இன்னும் கசந்தது. பசுபதி எழுந்து கதவுவரை போனவன் திரும்பி நின்றான்.

"அண்ணா, ஊர்ல கேட்டா என்ன சொல்வேள்?"

அண்ணனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று முப்பது வீட்டுக்குச் சொல்லியாயிற்று. இப்போதும் அவன் கவலை மாயவரத்துப் பதினாறு வீடுதான். அதை இவன் வேறு எங்கும் படிக்கவில்லை, என்னிடம்தான் படித்திருக்கிறான் என்று சுந்தரராமனுக்குத் தோன்றியது.

"கட்டியிருக்கான்னுதான் சொல்வேன். ஆனா ஒண்ணு. இனிமே எனக்குக் கடுதாசு போடாதே. ஏதாவது இருந்தா போன் பண்ணு."

"ஏன் அண்ணா?"

"எழுத்துல இருந்தா நான் நம்பிடுவேன்."

டிக்கெட் தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. முன்னால் கிளம்பினால் சண்டை என்று ஊரில் பேசுவார்கள், அதனால் கிளம்பவில்லை. செய்தி பரவி, தினம் யாராவது வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பழம் கொண்டுவந்தார்கள். வல்லாரை லேகியம் ஒருவர் கொண்டுவந்தார். எல்லோரும் உரக்கப் பேசினார்கள். அவர் தெளிவாகப் பதில் சொன்னால் பசுபதியின் முகத்தில் ஒரு நிழல் விழுவதை இரண்டாம் நாளே பார்த்துவிட்டார். இவருக்குப் புத்தி சரியாக இருக்கிறது என்றால் அன்றைக்குச் சொன்னது ஏன் என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் பதில் பசுபதியிடம் போய் நிற்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அனந்தராமனும் ஸ்வர்ணாவும் வந்தார்கள். அனந்தராமன் அவர் எதிரே முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சிரித்த முகமாக, "அங்கிள், என்னைத் தெரியறதா? நான் யாரு சொல்லுங்கோ பாப்போம்" என்றார்.

சுந்தரராமனுக்கு எல்லாம் தெரிந்தது. பெயர் தெரிந்தது, மாம்பலத்தில் எந்தத் தெரு என்று தெரிந்தது, வெளியே நின்ற காரின் எண் தெரிந்தது, அன்றைக்கு அவர் கேட்ட கேள்வி ஒரு நல்ல பொறியாளர் கேட்கவேண்டிய கேள்வி என்பதும் தெரிந்தது. பசுபதி வாசற்கதவுக்கு அருகில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதுகை முதல்முறையாக நாற்காலியில் சாய்த்துக்கொண்டு, தேவையான நேரம் எடுத்துக்கொண்டு, அவர் கேட்டார்.

"சுவாமிநாதன்தானே?"